கப்பலில் வானியல் சொல்லப் போக விரும்பும் டீச்சருக்கு

கேரள-தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். பள்ளியில் பல ஆண்டுகளாக வானியல் மன்றம் நடத்தி வருகிறேன். வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்களில் விருந்தினராக அழைத்துப் போய் வானியல் உரை நிகழ்த்தச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? சம்பளம் உண்டா? எல்லைப்புறத்துப் பள்ளி ஆசிரியைக்கு அதெல்லாம் கிடைக்குமா? நம் உச்சரிப்பில் பேசும் ஆங்கிலம் அங்கே செல்லுமா?"

கிடைக்கும் டீச்சர். சம்பளம் பெரும்பாலும் கிடையாது. உங்கள் ஆங்கிலம் தாராளமாகச் செல்லும்.

இந்த வேலையை நினைத்தவுடன் மனத்தில் வருவது நடுக்கடல், நிலவில்லாத இரவு, மேல்தளத்தில் கூடி நிற்கும் பயணிகள், கையை நீட்டி ஒவ்வொரு நட்சத்திரமாகக் காட்டும் நாம். அந்தக் காட்சி ஒரு பயணத்தில் ஓரிரு முறை வாய்த்தாலே அது நல்ல பயணம். மீதியெல்லாம் பகலில், குளிரூட்டிய அரங்கில், திரைக்கு முன்னால் நடக்கிறது. வானத்தைக் காட்டும் ஆசை மட்டும் உள்ளவர்கள் இதில் ஏமாந்து போவார்கள். கற்பிக்கும் ஆசை தீராதவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை அமையாது. நான் வெள்ளறடைக்காரன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு சில ஆண்டுகளாகக் கப்பல்களுக்குப் போய் வருகிறேன். அங்கே கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

கப்பலில் நாட்கள் இரண்டு வகை. துறைமுகத்தில் நிற்கும் நாள் ஒன்று, கரையே தெரியாமல் ஓடும் கடல் நாள் மற்றொன்று. துறைமுக நாளில் பயணிகள் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள், நமக்கும் வேலை இல்லை. உரை எல்லாம் கடல் நாளில்தான். ஏறக்குறைய 45 நிமிடம் பேச வேண்டும், பிறகு கேள்விகள். இரண்டு வாரப் பயணத்தில் ஐந்தாறு உரைகள் வரும். ஆனால் ஐந்தாறு உரைகளை மட்டும் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். காற்று பலமாக அடித்து ஒரு துறைமுகத்தை விட்டுவிட நேர்ந்தால், அந்த நாளே கடல் நாளாகிவிடும். காலை ஏழு மணிக்கு கேபின் தொலைபேசி ஒலிக்கும். பதினோரு மணிக்கு ஓர் உரை கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். கையில் இன்னும் இரண்டு உரைகள் இருப்பவருக்கு அன்று கிடைக்கும் மதிப்பு தனி. அடுத்த பயணத்துக்கு அழைப்பு வருவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

நம் மேலதிகாரி கேப்டன் இல்லை. பொழுதுபோக்குப் பிரிவின் தலைவரான குரூஸ் டைரக்டர். பாடகர், நடனக்காரர், மந்திர வித்தைக்காரர், சமையல் விளக்கம் தருபவர் ஆகியோரோடு வானியலாளரும் அவருடைய பட்டியலில் ஒருவர். இதைக் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுபடி வருவதில்லை. நம் உரை முடிந்த பத்தாவது நிமிடம் அதே மேடையில் நடன ஒத்திகை தொடங்கும், அதனால் நேரத்தைத் தாண்டிப் பேசக் கூடாது. பள்ளியில் மணி அடித்தால் நிறுத்தித்தானே பழக்கம்.

பெரிய அரங்கம் பல கப்பல்களில் முன்பகுதியில் இருக்கிறது. அலையில் அதிகம் ஏறி இறங்கும் இடமும் அதுவே. நடுப்பகுதியில் உட்கார்ந்து காப்பி குடிப்பவருக்குத் தெரியாத ஆட்டம், மேடையில் நிற்பவருக்கு முழங்காலில் தெரியும். குமட்டலுக்கு மாத்திரையை உரைக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் தராத வகை எது என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கடலில் இணையம் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருக்கலாம், ஆகவே படங்களும் காணொளிகளும் எல்லாம் கணினியிலேயே இருக்கட்டும், ஒரு நகல் பென்டிரைவிலும் இருக்கட்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை இணையம் இல்லாமலே இயக்கலாம். அன்றன்று கப்பல் இருக்கும் அட்சரேகையைக் கொடுத்துவிட்டால், இரவு வரப்போகும் வானத்தைப் பகலில் திரையில் காட்டிவிடலாம். நீங்கள் முதலில் பழக வேண்டிய கருவி அதுவே.

இனி இரவு. நடுக்கடல் என்றால் கும்மிருட்டு என்று நினைப்போம். கடல் இருட்டுதான். கப்பல் இருட்டில்லை. நடைபாதை, நீச்சல் குளம், உணவகம் எல்லாம் விடிய விடிய ஒளிர்கின்றன. ஒரு தளத்தின் விளக்குகளை அணைக்க வேண்டுமானால் குரூஸ் டைரக்டர் வழியாக, பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியும் கப்பலோட்டும் அதிகாரிகளும் சம்மதிக்க வேண்டும். முதியவர்கள் இருட்டில் தடுக்கி விழுவார்களே என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, கொடிமரத்திலும் பின்புறத்திலும் வெள்ளை ஆகிய வழிகாட்டி விளக்குகளை யார் கேட்டாலும் அணைக்க மாட்டார்கள், அணைக்கவும் கூடாது. ஆகவே விண்ணப்பத்தை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரம் தருவார்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். வந்தவர்களுக்குக் கண் பழகும்போது நம் நேரம் முடிந்திருக்கும்.

தொலைநோக்கி வேண்டாம். என்ஜின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் சனியின் வளையம் கண்ணாடிக்குள் நிற்காது. ஏழு மடங்கு அல்லது பத்து மடங்கு பெருக்கும் பைனாகுலர், சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு, இவை போதும். பச்சை லேசர் சுட்டியை அனுமதி இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். கப்பலோட்டும் அதிகாரியின் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பல கப்பல்களில் அதற்குத் தடையே உண்டு. பயணத்தை ஒப்புக்கொள்ளும் முன் பஞ்சாங்கத்தை எடுத்து அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். பௌர்ணமியைச் சுற்றிய ஒரு வாரப் பயணத்தில் நிலவைத் தவிரக் காட்ட அதிகம் இருக்காது. நிலவைக் காட்டுவதற்கும் தனியாகத் தயாராக வேண்டும்.

மேகம், விளக்கு, நிலவு, காற்று எல்லாம் கழித்து மிஞ்சும் அந்த அரை மணி நேரத்துக்காகவே பகல் உரைகள். காலையில் திரையில் பார்த்துப் புரிந்துகொண்டவர், இரவில் ஐந்தே நிமிடம் மேகம் விலகினாலும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வார். நாம் காட்டாமலே காண்பார். இந்த இடத்தில் நம் ஊர்க்காரருக்கு ஒரு பெரிய முதலீடு இருக்கிறது. அது நாம் பிறந்த அட்சரேகை.

பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ வருகிற ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய வானத்தில் துருவ நட்சத்திரம் உயர நிற்கும், தெற்கு வானத்தின் பெரும்பகுதி தெரியாது. நம் ஊர் ஏறக்குறைய 8 டிகிரி வடக்கு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ அதுவே நம் அட்சரேகை. வெள்ளறடையில் அது மலை முகடுகளுக்குச் சற்று மேலே, மங்கலாக, தேடினால் மட்டும் கிடைக்கும். அதே முன்னிரவில், வைகாசியில் மழை மேகம் வழிவிட்டால், தெற்கே தென்சிலுவையும் தெரியும். இரண்டையும் ஒரே இரவில் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்து வளர்ந்தவர் என்று நம்மை அறிமுகப்படுத்தினால், ஆங்கிலேயக் கப்பலில் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

என் முதல் உரை எப்போதும் அகத்திய நட்சத்திரம். உலகம் கானோபஸ் என்று அழைக்கும் அது, சிரியஸுக்கு அடுத்து இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். தூரம் சுமார் 310 ஒளியாண்டு. வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் நாம் கற்பனை செய்யும் கோட்டுக்கு, தெற்கே ஏறக்குறைய 53 டிகிரியில் இருப்பதால், 37 டிகிரி வடக்குக்கு மேலே வாழ்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர், வானத்தின் இரண்டாவது பெரிய விளக்கைக் காணாமலே எண்பது வயதை அடைந்திருப்பார். நமக்கோ மாசி மாத இரவு ஒன்பது மணிக்கு அது தெற்கே 29 டிகிரி உயரத்தில் நிற்கிறது. வடக்கே, நம் வீட்டுப் பின்பக்கமாக, 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். மலையும் நட்சத்திரமும் ஒரே முனிவரின் பெயரில் நமக்கு முன்னும் பின்னும் நிற்பதைச் சொல்லித் தொடங்குவேன்.

பிறகு பொசிடோனியஸ். கி.மு. முதல் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர். ரோட்ஸ் தீவில் இந்த நட்சத்திரம் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவிலோ வட்டத்தின் 48இல் ஒரு பங்கு உயரம் எழுகிறது என்று கணக்கிட்டு, இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 48ஆல் பெருக்கி, பூமியின் சுற்றளவைச் சொன்னார். அவருடைய கோண அளவு பிழையானது. உண்மை வித்தியாசம் ஐந்து டிகிரிக்குச் சற்றே அதிகம், அவர் எடுத்துக்கொண்டது ஏழரை. ஆனால் முறை சரி. மத்தியதரைக் கடல் பயணத்தில் ரோட்ஸிலும் எகிப்தியத் துறைமுகத்திலும் நிற்கும் கப்பலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போது, பயணிகள் தாங்களே அளந்து பார்க்கத் தயாராகிவிடுகிறார்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் பத்து டிகிரி. அதற்கு மேல் கருவி வேண்டாம். பனிக்காலப் பயணம் தெற்கே போகப் போக, இரவுக்கு இரவு அகத்தியர் உயர்ந்துகொண்டே வருவதை அவர்களே முஷ்டியால் அளந்து, மறுநாள் காலை உணவில் என்னிடம் வந்து எண் சொல்வார்கள். பூமி உருண்டை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அதைத் தங்கள் கையால் அளக்கிறார்கள். இதற்காகவே நான் சம்பளம் இல்லாத இந்த வேலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

அந்த உரையை 1964இல் ஏவப்பட்ட மாரினர் 4 விண்கலத்தில் முடிப்பேன். செவ்வாய்க்குப் போன வழியில் அது தன் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளச் சூரியனோடு கானோபஸையும் பிடித்துக்கொண்டது. அகத்தியரைப் பார்த்து வழி அறிந்த கலம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். கப்பலிலும் பிடிக்கிறது.

இப்படி உங்களுக்குப் பழகிப்போன பல, அவர்களுக்குப் புதுமை. நம் ஊரில் மூன்றாம் பிறை ஏறக்குறைய மல்லாந்து, வள்ளம் போலக் கிடக்கும். அவர்கள் ஊரில் அது நிமிர்ந்து நிற்கும். ஏன் என்று கேட்டு அரங்கத்தைப் பத்து நிமிடம் யோசிக்க வைக்கலாம். நிழலில்லா நாள் இன்னொன்று. நமக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் சரியாக உச்சிக்கு வருகிறது, நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இல்லை. ஐரோப்பாவில் எந்த ஊரிலும் இது நடக்காது. வெப்பமண்டலக் கடலில் ஓடும் கப்பல் ஏதாவது ஒரு நாளில் சூரியனுக்கு நேர் கீழே வர வாய்ப்பு உண்டு. பயணப் பாதையை வைத்து முன்கூட்டியே கணக்குப் போட்டு, மேல்தளத்தில் ஒரு போத்தலை நிறுத்தி வைத்தால் போதும். சிறுவர்களைவிட முதியவர்களே அதைச் சுற்றி அதிகம் கூடுகிறார்கள். மேகம் இரவை மறைத்த பயணங்களில் இது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கப்பலோட்டும் அதிகாரிகளும், சூரியனும் நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைப் பயன்படுத்தக் கற்றவர்களே. மரியாதையாகக் கேட்டால் அவர்களில் ஒருவர் வந்து நண்பகல் சூரியனை அளந்து காட்டுவார். அந்த நிகழ்ச்சிக்கு இடம் போதாது.

நம் பக்கத்து வரலாறும் நல்ல சரக்கு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் வான்நோக்ககம் நிறுவினார். முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் புரூன் 1850களில் நம் அகத்தியர்கூடத்தின் உச்சியிலேயே காந்தப்புலத்தை அளக்க ஒரு நிலையம் அமைத்தார். காடும் யானையும் அட்டையும் மழையும் நிறைந்த அந்த மலைக்குக் கருவிகளை ஏற்றியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அத்தனை பாடும் ஏன்? பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு, நம் பகுதியை ஒட்டிப் போகிறது. அதே காரணத்தால்தான் 1963 நவம்பர் 21இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. மகதலேனா மரியாள் தேவாலயம் அலுவலகமாக இருந்ததும், ராக்கெட் பாகம் சைக்கிளில் வந்ததும் படத்தோடு சொல்லும்போது அரங்கத்தில் ஒரு சத்தம் இருக்காது.

இதை நார்வே பயணத்தில் வடதுருவ ஒளியோடு சேர்த்துச் சொல்வது என் வழக்கம். டிரோம்சோ நகரம் ஏறக்குறைய 70 டிகிரி வடக்கு. அங்கே நூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் அணுக்கள் பச்சையாக ஒளிர்கின்றன. நம் தலைக்கு மேலும் ஏறக்குறைய அதே உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பாய்கிறது. அது ஒளிர்வதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை. தும்பா ராக்கெட்டுகள் தேடிப் போனவற்றில் அதுவும் ஒன்று. வடக்கின் ஒளியும் தெற்கின் ஒளியில்லா மின்னோட்டமும் ஒரே காந்தப்புலத்தின் காரியங்கள். ஹூர்டிக்ருட்டன் என்ற நார்வே நிறுவனம், பனிக்காலத்தில் குறிப்பிட்ட பயணங்களில் ஒளி தோன்றாவிட்டால் இன்னொரு பயணத்தை இலவசமாகத் தருவதாகவே அறிவித்திருக்கிறது. நீங்கள் போனால் ஒன்றை முன்கூட்டியே பயணிகளிடம் சொல்லிவிடுங்கள்: மங்கலான ஒளி கண்ணுக்குச் சாம்பல் மேகம் போலவே தோன்றும், பச்சையைக் கைபேசிக் கேமராதான் முதலில் காட்டும். இதைச் சொல்லாவிட்டால், பார்த்தும் பார்க்கவில்லை என்று வருந்திக்கொண்டே படுக்கப் போவார்கள்.

கோளரங்கம் உள்ள கப்பல்களும் உண்டு. 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கிய குவீன் மேரி 2 கப்பலில்தான் கடலின் முதல் கோளரங்கம் வந்தது. நியூயார்க்குக்கும் சௌதாம்ப்டனுக்கும் இடையே துறைமுகமே இல்லாத ஒரு வாரம், எல்லாம் கடல் நாள். பிரிட்டனின் ராயல் வானியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதில் உரையாற்றி வருகிறார்கள். வைகிங் ஓரியன் என்ற கப்பல் 2018இல் தன் கோளரங்கத்தோடு வந்தது. இவற்றுக்குப் போட்டி அதிகம், முதல் முயற்சிக்கு உகந்தவை அல்ல.

கிரகணப் பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பல் வானியலே அங்கிருந்துதான் பெரிய அளவில் தொடங்கியது. 1972 ஜூலை 10 முழுச் சூரிய கிரகணத்தை வடக்கு அட்லாண்டிக்கில் காண்பதற்காக டெட் பெடாஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் ஒலிம்பியா என்ற கப்பலை நியூயார்க்கிலிருந்து அழைத்துப் போனார். ஆசிரியர் ஒருவர் தொடங்கிய வழக்கம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜூன் 30 கிரகணத்துக்கு கான்பெரா கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் போனது. அந்தக் கிரகணத்தில் முழு மறைப்பு அதிகபட்சமாக ஏழு நிமிடத்தையும் தாண்டியது. தரையில் நிற்பவருக்கு மேகம் வந்தால் கதை முடிந்தது. கப்பலோ மேகப் படத்தைப் பார்த்து முந்தைய இரவே இடத்தை மாற்றிக்கொள்ளும். நமக்கு 2010 ஜனவரி 15இல் வளைய கிரகணம் வீட்டு வாசலுக்கே வந்தது, உங்கள் மாணவர்களும் பார்த்திருப்பார்கள். ஆனால் வளையம் வேறு, முழு மறைப்பு வேறு. பகலில் வெள்ளி தெரிய, சூரியனைச் சுற்றி முத்து நிறத்தில் கொரோனா என்னும் ஒளிவட்டம் விரியும் அந்த நிமிடங்களை ஓர் இயற்பியல் ஆசிரியை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்தே ஆக வேண்டும். 2027 ஆகஸ்ட் 2இல் எகிப்தின் லக்சர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். ஸ்பெயினுக்கும் மொரோக்கோவுக்கும் இடையிலான கடலும் அந்தப் பாதையில் இருக்கிறது.

இந்திய அல்லது இலங்கைப் பயணிகள் இருக்கும் கப்பலில் ராகு கேது கேள்வி நிச்சயம் வரும். நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் அவை, கிரகணம் அந்தப் புள்ளிகளின் அருகில் மட்டுமே நிகழும் என்று படம் போட்டுச் சொல்லுங்கள். யாருடைய நம்பிக்கையையும் இடிக்காமலே கணக்கின் அழகைக் காட்டிவிடலாம். மதமும் அரசியலும் மேடையில் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாகவே பல கப்பல்களில் இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். நமக்குக் கிடைப்பது கேபின், சாப்பாடு, பெரும்பாலும் உடன் வரும் ஒருவருக்கும் அதே வசதி. ஜன்னல் இல்லாத உள்கேபின் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கப்பல் ஏறும் ஊர்வரை விமானச் செலவு பல நேரங்களில் நம்முடையது. விசா, மருத்துவக் காப்பீடு, ஊழியர்களுக்கான அன்பளிப்பு, கரையில் சுற்றுவது எல்லாம் நம்முடையது. ஏற்பாடு செய்து தரும் முகவர்கள் சிலர், நாளுக்கு இவ்வளவு என்று நம்மிடமே கட்டணம் வாங்குகிறார்கள். டாலரில் ஓய்வூதியம் பெறுபவருக்கு அது சிறு தொகை. நம் ஓய்வூதியத்தில் அது ஒரு மாதக் குடும்பச் செலவை விழுங்கிவிடும். உழைப்பைக் கொடுப்பவரிடமே கட்டணம் கேட்பது முறையில்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல் ஒன்றிரண்டு பயணங்களுக்கு மேல் அந்த வழியில் போகாதீர்கள். ஐரோப்பாவிலோ மயாமியிலோ ஏறும் கப்பலை முதலில் நாடவும் வேண்டாம். கொச்சி, கொழும்பு, துபாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் ஏறி இறங்கும் பயணங்களைக் கேளுங்கள். நீண்ட உலகச் சுற்றுப் பயணத்தில் வரும் கப்பல்கள் கொச்சியிலோ கொழும்பிலோ உரையாளர்களை மாற்றிக்கொள்வதுண்டு. அந்த ஒரு பகுதிக்கு உள்ளூரிலிருந்தே ஒருவர் கிடைக்கிறார் என்பது அவர்களுக்கும் லாபம். உள்நாட்டு மூன்று நான்கு நாள் பயணங்களில் பாட்டும் நடனமுமே பிரதானம், அங்கே வானியலுக்கு இடம் குறைவு.

கப்பலில் நம் நிலை பயணியும் இல்லை, ஊழியரும் இல்லை. பெயர்ப் பட்டை அணிய வேண்டும். நிகழ்ச்சியில் கூட்டம் நிரம்பினால் காசு கொடுத்தவருக்கு நம் இருக்கையைக் கொடுத்துவிட வேண்டும். சூதாட்டக் கூடத்தில் விளையாடக் கூடாது. சொந்தப் புத்தகம் விற்பதற்கும் பெரும்பாலும் தடை. உயிர்காப்புப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பயணிகள் கடைசி நாளில் மதிப்பெண் போடுவார்கள். மேடையில் பேசியதற்கு மட்டும் அல்ல, சாப்பாட்டு மேசையில், லிஃப்டில், படிக்கட்டில் நாம் எப்படிப் பதில் சொன்னோம் என்பதற்கும் சேர்த்து. காலை ஆறரைக்கு நடைப்பயிற்சியில் ஒருவர் நிறுத்தி, கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். மலர்ந்த முகத்தோடு பதில் சொல்ல முடிய வேண்டும். தனிமை வேண்டுபவர்களுக்கு இது கடினம். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்தியவருக்குக் கடினம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் நிகழ்ச்சி நிரலிலேயே வராது. கப்பல் ஊழியர்களில் கோவாக்காரர்களும் மலையாளிகளும் தமிழர்களும் எப்போதும் இருப்பார்கள். குரூஸ் டைரக்டரிடம் கேட்டு, பணி முடிந்த நள்ளிரவில் ஊழியர்களுக்கென்று ஒரு சிறு உரை வைப்பேன். தமிழும் மலையாளமும் மாறி மாறிப் பேசலாம், நம் எல்லைக்காரருக்கு அது மூச்சு விடுவதைப் போல. தூத்தூர்க் கரையிலிருந்து வந்த பையன் ஒருவன், சமையலறையில் வேலை, தன் பாட்டா (தாத்தா) ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போனபோது வெள்ளிகளைப் பார்த்துத்தான் கரை திரும்புவார் என்று சொன்னான். பெரியவர்கள் எந்த நட்சத்திரத்தையும் வெள்ளி என்றே சொல்வார்கள், இது உங்களுக்கும் தெரியும். எந்த வெள்ளி எந்த மாதம் எங்கே எழும் என்று பாட்டா சொன்னதை அவன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நான் திரையில் வானத்தைச் சுழற்றி ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அவனுடைய பாட்டாவின் கணக்கு சரியாக இருந்தது. கப்பலில் எந்தப் பேராசிரியரோடு பேசியதைவிடவும் அந்த இரவு நான் அதிகம் கற்றேன். ஊருக்குப் போனால் பூவாறு, விழிஞ்ஞம், தூத்தூர்க் கரைகளில் முதியவர்களைப் பார்த்து எழுதி வையுங்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

ஆங்கிலம் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கப்பலில் பிலிப்பைன்ஸ், உக்ரைன், இந்தோனேசியா என்று ஐம்பது நாட்டு ஆங்கிலம் ஒலிக்கிறது. பயணிகளுக்கு வேண்டியது மெதுவும் தெளிவும். வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள், எண்ணைச் சொல்லும்போது திரையிலும் காட்டுங்கள், காது மந்தமானவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் ஒலிவாங்கியை வாயை விட்டு நகர்த்தாதீர்கள். கேள்வி புரியாவிட்டால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் இதைத்தானே செய்கிறோம்.

இப்போதே தொடங்கலாம். ஆறு உரைத் தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி விளக்கம் சேருங்கள். ஏதாவது ஒரு கூட்டத்தில் நீங்கள் ஆங்கிலத்தில் பேசும் காணொளி பத்து நிமிடம் தேவைப்படும். பார்வையாளர்கள் சிரிப்பதும் கேட்பதும் அதில் பதிவாகியிருக்க வேண்டும், வெறும் சுவரைப் பார்த்துப் பேசியது உதவாது. பேசிப் பழக நமக்கு இடத்துக்கா பஞ்சம்? இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் வாசகசாலை, கேரளத்தின் மக்கள் அறிவியல் அமைப்பான சாஸ்திர சாகித்ய பரிஷத். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். திருவனந்தபுரம் பிரியதர்சினி கோளரங்கத்துக்குப் போய், இருட்டில் முகம் தெரியாத கூட்டத்துக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். இவற்றோடு ஒரு பக்கத் தன்விவரம், தலைமையாசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம். கப்பல் நிறுவனங்களின் பொழுதுபோக்குப் பிரிவுக்கு நேரடியாக அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், சிலர் பதிலே போட மாட்டார்கள். மறுபடி அனுப்புங்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு செல்லுபடி இருக்கட்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்குவதுதான் இந்த வேலையிலேயே பெரிய பாடு. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் தேவையா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பலமுறை நுழையும் விசாவையே கேளுங்கள், ஏனென்றால் கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியேறி மறுபடி அங்கேயே வரும். அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாமல் போகும். உங்கள் ஆறு தலைப்புகளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். முதலாவது அகத்தியராக இருந்தால் படங்களும் தருகிறேன்.